ஆசை ஒரு பக்கம் இழுக்கும்போது ஆண்டவருக்குக் கீழ்ப்படிவது எப்படி?

ஒரு நோட்டில் உங்கள் ஆசையை ஒரே வரியில் எழுதுங்கள். ‘குடும்பம் நல்லா இருக்கணும்’ என்று எழுதினால் அது போர்வை. ‘அப்பா விட்டுப்போன வீட்டில் அக்காவுக்குப் பங்கு தராமல் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கணும்’ என்பதுதான் ஆசை. எழுதும்போது கை கூசினால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, இதில் ஆண்டவர் ஏற்கெனவே பேசியிருக்கிறாரா என்று பாருங்கள். பத்துக் கட்டளைகளையும் மலைப்பொழிவையும் (மத்தேயு 5 முதல் 7) வாசிக்க அரை மணி நேரம் போதும். கட்டளை நேராகச் சொல்லிவிட்ட விஷயத்தில் ‘தேவ சித்தம் தெரியணும், ஜெபம் பண்ணிட்டிருக்கேன்’ என்பது தள்ளிப்போடுகிற வழிதான்.

வெளிநாட்டு வேலையா, புதுச்சேரியிலேயே கடையா என்பது வேறு ரகம்; இரண்டுமே நல்லதாக இருக்கலாம். இதற்கு இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் சொன்ன வழிகள் கைகொடுக்கும். முன்பின் தெரியாத ஒருவர் இதே கேள்வியோடு வந்தால் என்ன சொல்வீர்கள்? சாகும் நேரத்தில் எதைத் தேர்ந்திருக்கலாம் என்று தோன்றும்? ஜெபத்தில் மனம் வறண்டு கிடக்கிற நாட்களில், முன்பு தெளிவாக எடுத்த முடிவை மாற்றக் கூடாது என்பதும் அவர் சொன்னதுதான்.

முடிவானதும் 24 மணி நேரத்துக்குள் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலையைக் குறியுங்கள். தியானக் கூடாரத்தில் கண்ணீரோடு ‘முழுசா மாறிடுறேன்’ என்று சொல்வது எளிது. இயேசு சொன்ன கதையில், ‘போகிறேன் ஐயா’ என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போகாத மகன் (மத்தேயு 21) மாட்டியதும் இங்கேதான்.

அக்கா பங்கு விஷயத்தில் அந்தச் சின்ன வேலை, பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றுக்கும் நகல் எடுப்பது. கடலூர்ப் பக்கம், உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. இன்றைய விலையை விசாரித்து, நகல்களோடு அக்கா வீட்டுக்கே போய்த் தொகையைச் சொல்லுங்கள். கல்யாணம், கருமாதிக் கூட்டத்தில் பேச்செடுத்தால் அவரால் வாய் திறக்க முடியாது.

பலரும் சறுக்குவது, பங்கை வைத்துக்கொண்டு வில்லியனூர் மாதாவுக்குப் பெரிய நேர்த்திக்கடன் செலுத்தும்போதுதான். பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று ஒதுக்கியவர்களை இயேசு கண்டித்தது (மாற்கு 7) இதற்காகவே. அழிக்கச் சொன்ன ஆடுகளில் நல்லதை மட்டும் பலிக்கென்று சவுல் ராஜா வைத்துக்கொண்டதும் (1 சாமுவேல் 15) அதே கணக்கு. சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகிவிட்டதால் பாவத்துக்குப் பட்டா கிடைத்துவிடாது. பாவசங்கீர்த்தனம் செய்தாலும், எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிற கடமை நிற்கும்.

குடி விஷயத்தில் வேறு கண்ணி. தவக்காலம் முழுக்கத் தொடாமல் இருந்துவிட்டு ஈஸ்டர் பூசை முடிந்ததும் கடைக்குப் போனால், ஆசையை 40 நாள் பட்டினி போட்டு வளர்த்ததாகத்தான் ஆகும். புதுச்சேரியில் தெருவுக்குத் தெரு கடை இருப்பதால் வீடு திரும்பும் வழியை மாற்றுவதும், சம்பளத்தை அன்றே மனைவியிடம் கொடுப்பதும் ஜெபத்தோடு சேர வேண்டும். தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். ஜிப்மர் போன்ற மருத்துவமனையில் காட்டிவிட்டு நிறுத்துங்கள். மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு அல்ல.

இரவில் பத்து நிமிடம் போதும். முதலில் நன்றி, பிறகு இன்று ஆசை எந்த நேரத்தில், யார் முன்னால் தலைதூக்கியது என்று பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு ஒரு வேலை குறிப்பது. அழுத்துவது போலிருந்தால் சாவுக்கு முந்தின இரவு கெத்சமனியில் இயேசு ஜெபித்ததை வாசியுங்கள் (லூக்கா 22). இந்தத் துன்பக் கிண்ணம் அகலட்டும் என்று இயேசுவே முதலில் கேட்டார். விருப்பத்தை மறைத்துப் பேசவேண்டியதில்லை.

கணவன் அடித்தாலும் பொறுத்துக்கொள், அதுதான் கீழ்ப்படிதல் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். மனிதரைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படிய வேண்டும் (திருத்தூதர் பணிகள் 5:29).

சரி, அக்காவே ‘வேணாண்டா, நீயே வெச்சிக்கோ’ என்றால்? உடனே பத்திரம் எழுத ஓடாதீர்கள். பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடுமோ என்ற பயத்திலும் அக்காமார் அப்படிச் சொல்வார்கள். பங்கை வாங்கிக்கொண்டாலும் பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் சீர் வரும் என்று சொல்லி, நகல்களை அவரிடமே விட்டுவிட்டு ஒரு மாதம் கழித்து மறுபடி கேளுங்கள். விலை தெரிந்து, பயமில்லாமல் அப்போதும் அதையே சொன்னால் வாங்கிக்கொள்ளலாம்.