பிள்ளைகளின் கதையைத் திருத்தும்போது நாம் செய்யும் தவறுகள்

தேவாலயத்தின் ஓய்வுநாள் பள்ளியானாலும் மறைக்கல்வி வகுப்பானாலும், ஏழு வயதுப் பிள்ளை ஆறு வரிக் கதையோடு வந்து நின்றால் நம் கை சிவப்புப் பேனாவைத்தான் தேடும். வேண்டாம். 'ர', 'ற' எல்லாம் வட்டமிட்ட தாளைப் பார்க்கும் பிள்ளை, அடுத்த வாரம் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த சொற்களை மட்டுமே எழுதும். எழுத்துப்பிழையைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள்.

முதலில் கதையைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள், எழுதியிருப்பதை அப்படியே. விட்டுப்போன சொல்லை நாமே சேர்த்து வாசித்துவிடுகிறோம். அப்புறம் ஓட்டை பிள்ளையின் காதுக்கு எப்படிக் கேட்கும்? ஒரு பிள்ளையின் கதை இப்படி: "பெசன்ட் நகர் மாதா கோயில் கொடியேற்றத்துக்குப் போனோம். தம்பி தொலைஞ்சுட்டான். அப்புறம் கிடைச்சுட்டான்." வாசித்து முடித்ததும் மற்ற பிள்ளைகளே "எங்க இருந்தான்?" என்பார்கள். "பலூன்காரர்கிட்ட மிஸ், ஒரு கால்ல செருப்பே இல்ல" என்று பதில் வரும். கதை அந்தச் செருப்பில் இருக்கிறது. அதை நாம் எழுதிக்கொடுத்துவிடக் கூடாது. பென்சில் பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும். பேச்சுத்தமிழில் எழுதினாலும் விடுங்கள்.

முழுக்கதையையும் திரும்ப எழுதச் சொன்னால் கை வலிக்கும், வெறுப்பு வரும். ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதப் பழக்கினால் சேர்க்க இடம் இருக்கும். போதாவிட்டால் துண்டுத்தாளில் எழுதி ஒட்டலாம். ஒரு வாரத்துக்கு ஒரே மாற்றம், பத்து நிமிடம். அழிரப்பர் வேண்டாம், ஒற்றைக்கோடு போட்டு அடிக்கட்டும், மனம் மாறினால் பழைய வரி அங்கேயே இருக்கும்.

நம் வகுப்புகளுக்கே உரிய தவறு ஒன்று உண்டு: கதை முடியுமுன் ஒரு வேதவசனத்தை ஒட்டவைப்பது. செருப்பைப் பற்றிக் கேட்காமல் "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டால், எல்லாக் கதையும் ஒரே மாதிரி முடியும். லூக்கா 15-இல் மேய்ப்பன் காணாமல்போன ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறான். அந்தத் தோளைக் காட்டி, "உன் கதையில் தம்பியை யார் தூக்கினார்கள்?" என்று கேளுங்கள்.

திரும்ப எழுதுவதைத் தண்டனையாக நினைக்கும் பிள்ளைக்கு எரேமியா 36-ஐச் சொல்லலாம். எரேமியா தீர்க்கதரிசி சொல்லச் சொல்ல பாருக்கு என்பவன் எழுதிய சுருளை ராஜா நெருப்பில் போட்டான். பாருக்கு எல்லாவற்றையும் மறுபடி எழுதினான், முன்பு இல்லாத வார்த்தைகளும் அதில் சேர்ந்தன.

முதல் தாளைக் கிழித்துப் போடாமல் திருத்திய தாளோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். பெற்றோர் வரும்போது பிள்ளையே இரண்டையும் புரட்டிக் காட்டட்டும்.