அரை டப்பு தண்ணி, ஒரு ஆரஞ்சுப் பழம்: மூணு நாலு வயசுக்கு இது போதும்

கனம், லேசு, மிதக்குறது, முழுகுறது இதெல்லாம் சொல்லித்தர சார்ட்டு, கிட்டுன்னு நிறைய பேர் காசு கொட்டுறாங்க, வேண்டவே வேண்டாம்ங்க, சமையல்கட்டுல இருக்குறதே போதும்.

அகலமான டப்ல பாதி தண்ணி பிடிச்சு பாத்ரூம்லயோ மொட்டை மாடியிலயோ வைங்க (ஹால்ல வச்சு ரெண்டு தடவ மாப் போட்டவ சொல்றேன்). ஸ்பூன், பாட்டில் மூடி, உருளைக்கிழங்கு, உரிச்ச தேங்கா, கையில கிடைக்கிறத எடுத்துக்கோங்க. ஒவ்வொண்ணையும் மொதல்ல அவங்க கையில குடுத்து, கனமா இருக்கா, சொரசொரன்னு இருக்கா, வழுவழுன்னு இருக்கான்னு தொட்டுப் பாக்க விடுங்க, அப்புறம் "இது மிதக்குமா, முழுகுமா?"ன்னு கேளுங்க. பதில மட்டும் நீங்க சொல்லிடாதீங்க, சொன்னா ஆட்டம் அங்கயே முடிஞ்சுது. என் பையன் "பெருசுன்னா முழுகும்"னு அடிச்சு சொன்னான். சரிடான்னு தேங்காய போட்டேன், ஜம்முன்னு மிதந்துச்சு. அடுத்து ஒரு புளியங்கொட்டை, நேரா அடியில போய் உக்காந்துருச்சு. அவன் டப்புக்குள்ள தலைய விட்டு பாத்துட்டு "அம்மா, இன்னொன்னு போடு"ங்குறான்.

ஆரஞ்சுதான் ஹைலைட்டு. தோலோட போட்டா மிதக்கும், உரிச்சு போட்டா முழுகும், இத்தனைக்கும் வெயிட்டு குறைஞ்சுதான் இருக்கு! தோல் பஞ்சு மாதிரி, உள்ள காத்து இருக்கு, அதான் விஷயம். எலுமிச்சைய வச்சு ட்ரை பண்ணாதீங்க, நம்ம ஊர் சின்ன எலுமிச்சை தோலோடவே முழுகினாலும் முழுகும், மானம் போயிடும்.

ஸ்பூன் முழுகுச்சுல்ல, இப்ப அதே எவர்சில்வர்ல ஒரு கிண்ணத்த மெதுவா தண்ணி மேல வைங்க, மிதக்கும். லேசா சாய்ச்சு தண்ணிய உள்ள விட்டா போச்சு. பொருள் ஒண்ணுதான், வடிவம்தான் வேற, இத வாயால சொல்ல வேண்டியதே இல்ல, அவங்களே பத்து தடவ முழுகடிச்சு பாப்பாங்க.

நேரம் இருந்தா ஒரு டம்ளர் தண்ணில முட்டை. வெறும் தண்ணில முழுகும், அஞ்சாறு ஸ்பூன் உப்பு கரைச்சா மேல வரும். கல்லுப்புன்னா கரைய நேரமாகும், தூளுப்பே போடுங்க.

குட்டி உருண்டை காந்தம், பட்டன் பேட்டரி எதுவும் கிட்ட இருக்கக் கூடாது, முழுங்கிட்டா ஆபத்து. புளியங்கொட்டையயும் எண்ணி எடுத்து வைங்க, மூக்குல விட்டுக்கும். டப்பு பக்கத்துல இருந்து ஒரு நிமிஷம் கூட நகராதீங்க, ஆடி முடிச்ச கையோட தண்ணிய செடிக்கு ஊத்திருங்க. முட்டை டம்ளர் தண்ணி மட்டும் சிங்க்குக்கு, உப்பு செடிக்கு ஆகாது.