கார் பெயிண்ட்ல கோடு விழாம கழுவணும்னா என்ன துணி, என்ன பக்கெட் வாங்கணும்

ராத்திரி பார்க்கிங்ல வெளிச்சம் கம்மியா இருக்குற நேரத்துல போன் டார்ச்சை ஆன் பண்ணி உங்க கார் பானெட்டுக்கு ஒரு அடி மேல புடிச்சுப் பாருங்க. டார்ச்சைச் சுத்தி சிலந்தி வலை மாதிரி பொடிப்பொடியா வட்ட வட்டமா கோடு தெரியுதா, அதுக்குப் பேரு தான் ஸ்வர்ல் மார்க். உண்மையில அது வட்டமே இல்ல, எல்லாப் பக்கமும் தாறுமாறா ஓடுற குட்டிக் குட்டிக் கோடுங்க தான், வெளிச்சத்துக்குக் குறுக்கால கெடக்குற கோடு மட்டும் மின்னுறதால நம்ம கண்ணுக்கு வட்டமா தெரியுது. வெள்ளை, சில்வர் கார்ல இது அவ்வளவா தெரியாது, கருப்பு, கருநீலம், மெரூன்ல அப்படியே பளிச்சுன்னு காட்டிக் குடுத்துடும்.

என்னோடது கருப்பு கார். எடுத்து 8 மாசத்துல இப்படி டார்ச் அடிச்சுப் பார்த்தப்போ வயிறு எரிஞ்சுது. யாரும் சாவி வச்சு கீறல, ஒரு பைக் கூட உரசல, எல்லாமே தினமும் காலைல துடைச்சுத் துடைச்சு வந்த கோடு. அதுக்கப்புறம் தான் எந்தத் துணி என்ன பண்ணுதுன்னு ஒவ்வொண்ணா வாங்கிப் பார்த்து கத்துக்கிட்டேன், அதைத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு மனசுல வாங்கிக்கோங்க. பெயிண்ட்டைக் கீறுறது பெரும்பாலும் துணி கிடையாது, துணிக்கும் பெயிண்ட்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட மண்ணு. கலர் பெயிண்ட்டுக்கு மேல கிளியர் கோட்னு கண்ணாடி மாதிரி ஒரு லேயர் இருக்கும், பெரும்பாலான கார்ல அது 35லருந்து 50 மைக்ரான் தான், நம்ம தலைமுடியை விட மெல்லிசு. நம்ம ரோட்டுத் தூசில இருக்குற மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், அது கத்தி இரும்பை விட கடினம். அந்த மணலை ஒரு துணில ஒட்ட வச்சு அழுத்தித் தேய்ச்சா அது துணி இல்ல, உப்புத்தாள். பாலிஷ் போட்டு எடுத்துடலாம்னு கடைல சொல்லுவாங்க, எடுக்கலாம் தான், ஆனா பாலிஷ்ங்கறதே அந்த கிளியர் கோட்டை கொஞ்சம் சீவி எடுக்குறது. 50 மைக்ரான்ல எத்தனை தடவை சீவுவீங்க.

அதனால கடைல எந்தப் பொருளைக் கைல எடுத்தாலும் ஒரே கேள்வி கேளுங்க. இதுல மண்ணு ஒட்டுனா அந்த மண்ணு எங்க போகும்? உள்ள போறதுக்கு இடம் இருந்தா வாங்கலாம், மேல்பரப்புலயே நிக்கும்னா காருக்கு வேண்டாம், வீட்டுல தரை துடைக்க வச்சுக்கோங்க.

இந்தக் கேள்வியிலயே ஸ்பாஞ்ச் அடிபட்டுப் போகுது. சதுரமா மஞ்சள் கலர்ல விக்கிற ஸ்பாஞ்சுக்கு முகம் தட்டையா இருக்கும், மண்ணு உள்ள இறங்காது, அங்கயே உக்காந்துக்கிட்டு நீங்க தேய்க்குற தூரம் முழுக்க கோடு போட்டுக்கிட்டே வரும். அதுக்குப் பதிலா வாஷ் மிட் வாங்குங்க, கையுறை மாதிரி கை நுழைக்குறது. புழு புழுவா தொங்குற மைக்ரோஃபைபர் மிட்டை ஷெனில் மிட்னு சொல்லுவாங்க, அந்தப் புழுக்களுக்கு நடுவுல மண்ணு இறங்கிடும், தண்ணில ஆட்டுனா வெளிய வந்துடும். ஆட்டு ரோமத்துல செஞ்ச மிட் இன்னும் மெத்துனு இருக்கும், ஆனா விலை ஜாஸ்தி, நம்ம ஊர் ஈரக்காத்துல சரியா காயலன்னா நாறிடும், அதனால என் ஓட்டு ஷெனிலுக்குத் தான். வாங்கும்போது புழுவைப் பிரிச்சு அடியில இருக்குற துணியைப் பாருங்க, புழு நெருக்கமா இருக்கணும், அங்கங்க வழுக்கையா இருந்தா வேண்டாம். மணிக்கட்டு பக்கம் சிலதுல கெட்டியான எலாஸ்டிக் தையல் வெளிய துருத்திக்கிட்டு இருக்கும், அதுவும் வேண்டாம். ரெண்டு மிட் வாங்கிடுங்க, ஒண்ணு மேல்பாதிக்கு, ஒண்ணு கதவுக்கு கீழ, பம்பர் இதுக்கெல்லாம்.

அடுத்து பக்கெட். இதுக்கு காசே செலவு பண்ண வேண்டாம், வீட்டுக்கு எமல்ஷன் அடிச்சப்போ மிச்சமான 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட் ரெண்டு இருந்தா அதுவே ராஜா. சுத்தமா கழுவிட்டு ஒண்ணுல கார் ஷாம்பு கலந்த தண்ணி, இன்னொண்ணுல வெறும் தண்ணி. ஒரு கதவு தேய்ச்சதும் மிட்டை முதல்ல வெறும் தண்ணில அலசி, அப்புறம் தான் ஷாம்பு தண்ணில முக்கணும். பக்கெட் அடியில போடுற கிரிட் கார்டுன்னு வட்டமா ஒரு பிளாஸ்டிக் தட்டு விக்கிறாங்க, மிட்டை அது மேல உரசுனா மண்ணு கீழ இறங்கிடும், திரும்ப மேல கிளம்பி மிட்டுல ஒட்டாது. நான் முதல் தடவை அதைப் போட்டுக் கழுவிட்டு, தண்ணியை மெதுவா சாய்ச்சு ஊத்தி அடியைப் பார்த்தேன், ஒரு ஸ்பூன் அளவுக்கு கருப்பு மணல் படிஞ்சு கெடந்துச்சு, விரல்ல எடுத்துத் தேய்ச்சா நறநறன்னுது. ஒரே பக்கெட் வச்சு கழுவுன காலத்துல அந்த மணல் அத்தனையும் திரும்பத் திரும்ப என் பானெட் மேல தான் ஓடிருக்கு.

மிட் தொடுறதுக்கு முன்னாடியே எவ்வளவு மண்ணை தண்ணியாலயே கழட்டுறீங்களோ அவ்வளவு நல்லது. வீட்டு பிரஷர் வாஷர் இருந்தா விசிறி மாதிரி விரியுற நாசில் போடுங்க, ஒரு அடிக்கு மேல தள்ளியே புடிங்க, ஊசி மாதிரி ஒரே கோட்டுல வர்ற நாசிலை பெயிண்ட் பக்கம் கொண்டு போகாதீங்க, டச்சப் பண்ண இடம், கல்லு தெறிச்சு சின்னதா பெயிண்ட் பேந்த இடம் எல்லாம் உரிஞ்சு வந்துடும். அபார்ட்மெண்ட்ல ஓஸ் போட விடமாட்டாங்கன்னா, செடிக்கு மருந்தடிக்கிற கை பம்ப் ஸ்ப்ரேயர் 5 லிட்டர்ல கிடைக்கும், அது போதும். புதுசா வாங்குங்க, மருந்து அடிச்ச பழசு வேண்டாம்.

ஷாம்புல ஒண்ணே ஒண்ணு பாருங்க, பிஹெச் நியூட்ரல்னு போட்டிருக்கணும், அதாவது அமிலமும் இல்லாம காரமும் இல்லாம நடுவுல இருக்குறது. பாத்திரம் கழுவுற லிக்விட் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கன்னே செஞ்சது, அது கார் மேல போட்ட வேக்ஸையும் சேர்த்து எடுத்துடும். துணி துவைக்கிற பவுடர் அதை விட மோசம், சரியா கரையாத துகள் பெயிண்ட்ல உரசும். நல்ல ஷாம்புல வழவழப்பு இருக்கும், மண்ணு உரசாம வழுக்கிட்டுப் போக அது தான் உதவுது.

இப்ப துணிக்கு வருவோம், நிறைய பேர் ஏமாறுற இடம் இது தான். சிக்னல்ல கட்டு கட்டா விக்கிற மைக்ரோஃபைபர், ஒர்க்‌ஷாப்ல கிலோ கணக்குல வாங்குற திருப்பூர் பனியன் வேஸ்ட், வீட்டுல இருக்குற ஈரிழைத் துண்டு, பழைய லுங்கி, எல்லாம் காருக்கு வந்து சேருது. பனியன் வேஸ்ட் கை துடைக்க, ஆயில் துடைக்க அருமையான பொருள், ஆனா அதுல நைலான் தையல் இருக்கும், சில நேரம் பட்டன் கூட இருக்கும். ஈரிழைத் துண்டு தண்ணியை நல்லா உறிஞ்சும், ஆனா தட்டையான நெசவு, மண்ணு ஒளியுறதுக்கு இடமே இல்ல. மைக்ரோஃபைபர்ல நூல் இழையைப் பிளந்து பிளந்து வச்சிருப்பாங்க, பாலியெஸ்டரும் பாலிஅமைடும் கலந்தது, 80க்கு 20 இல்லன்னா 70க்கு 30னு லேபிள்ல போட்டிருக்கும். வெறும் 100 சதவீதம் பாலியெஸ்டர்னா தண்ணி அவ்வளவா உறிஞ்சாது, விட்டுடுங்க.

ஜிஎஸ்எம்ங்கறது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடைங்கற கணக்கு. 200, 250 எல்லாம் உள்ள டேஷ்போர்டுக்குப் போதும். பெயிண்ட்டைத் தொடுறதுக்கு 350க்கு மேல எடுங்க, ஈரம் துடைக்க 500க்கு மேல. ஆனா நம்பரை மட்டும் நம்பாதீங்க, ஓரத்தைப் பாருங்க. கெட்டியா நைலான் நூல்ல ஓரம் அடிச்சிருந்தா நடுவுல எவ்வளவு மெத்துனு இருந்தும் பிரயோஜனம் இல்ல, துடைக்கும்போது ஓரமும் தான் பெயிண்ட் மேல போகும். ஓரம் தைக்காம வெட்டுனது, இல்லன்னா மெல்லிசான மைக்ரோஃபைபர் துணியாலயே பைண்டிங் குடுத்தது வாங்குங்க. லேபிளை வீட்டுக்கு வந்ததும் வெட்டிடுங்க, வெட்டுன அடி கூட நிக்கக் கூடாது. சந்தேகமா இருந்தா வீட்டுல கெடக்குற பழைய சிடி ஒண்ணு எடுத்து, அந்தப் பளபளப்பான பக்கத்துல துணியோட நடுவை வச்சு பத்து தடவை தேய்ங்க, அப்புறம் ஓரத்தை வச்சு பத்து தடவை தேய்ங்க, ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. என்கிட்ட இருந்த ஒரு துணில நடுவுல ஒண்ணும் ஆகல, ஓரம் போன பாதை மட்டும் சாம்பல் பூத்த மாதிரி இருந்துச்சு. அதுல வர்ற கோடு உங்க கார்லயும் வரலாம்.

ஈரம் துடைக்கிறதைத் தள்ளிப் போடாதீங்க, அதுவும் போர் தண்ணில கழுவுறவங்க. தண்ணி காஞ்சா உப்பு அப்படியே வெள்ளை வெள்ளையா திட்டு விட்டுடும், நாள் ஆக ஆக எடுக்குறது கஷ்டம். ஆர்ஓ மெஷின்ல வெளிய போற வேஸ்ட் தண்ணியைச் சேர்த்து வச்சு காருக்கு ஊத்துறாங்க நிறைய பேர், தண்ணியை வீணாக்கக் கூடாதுன்னு நினைக்கிறது நல்ல விஷயம், ஆனா மெஷின் பிரிச்சு எடுத்த உப்பு எல்லாம் அந்தத் தண்ணில தான் இருக்கு, அதனால அதை டயருக்கும் மட்கார்டுக்கும் வச்சுக்கோங்க, பாடிக்கு கடைசியா ஊத்துறது கார்ப்பரேஷன் தண்ணியா இருந்தா நல்லது. வெயில்ல வேண்டாம், பானெட் கை வச்சா சுடாத நேரத்துல கழுவுங்க. பெரிய துண்டை பானெட் மேல விரிச்சு ரெண்டு முனையைப் புடிச்சு மெதுவா நம்ம பக்கம் இழுத்தா போதும், அழுத்தவே வேண்டாம். கண்ணாடி துடைக்கிற ரப்பர் வைப்பரை மட்டும் பெயிண்ட்ல வைக்காதீங்க, ஒரு மணல் அதுல மாட்டுனா பானெட் முழுக்க ஒரே நீளக் கோடு.

வீலுக்கு எல்லாமே தனி. பிரேக் பேடும் டிஸ்க்கும் தேய்ஞ்சு வர்ற இரும்புத் துகள் அதுல இருக்கும், வீலுக்குப் போட்ட மிட் பாடிக்கு வரவே கூடாது. டயர் ரப்பருக்கு தேங்கா நார் தாராளமா போடலாம்.

இனிமே தான் முக்கியமான விஷயம், தினசரி துடைக்கிறது. எங்க பிளாக்ல கார் துடைக்கிற அண்ணன் ஒரே பக்கெட்ல பன்னெண்டு கார் துடைப்பார், பன்னெண்டாவது காருக்கு வரும்போது முதல் பதினொரு கார் மண்ணும் அந்தத் துணில தான் இருக்கும். அவர் மேல தப்பு சொல்ல ஒண்ணும் இல்ல, மாசம் நாம குடுக்குற காசுக்கு அவரால அவ்வளவு தான் முடியும். மார்கழில பனி விழுந்த கார் மேல அந்தத் துணி படும்போது தூசி சேறாகி இன்னும் ஜாஸ்தி உரசும். நான் அவர்கிட்ட, "அண்ணே, என் கார்ல கண்ணாடியும் வீலும் மட்டும் துடைங்க, பாடியைத் தொட வேண்டாம், காசு அதே தான்"னு சொன்னேன். "தூசியோட நின்னா நான் வேலை செய்யலன்னு நினைப்பாங்களே சார்"னாரு, அவர் கவலை நியாயமானது தானே. செக்ரட்டரிகிட்ட நானே ஒரு வார்த்தை சொல்லி வச்சேன், அதோட முடிஞ்சுது. தூசி சும்மா உக்காந்திருந்தா பெயிண்ட்டுக்குப் பெருசா ஒண்ணும் ஆகாது, தேய்ச்சா தான் கோடு விழும். நீளக் கைப்பிடி போட்ட டஸ்டரும் இதே கதை தான். காக்கா எச்சம் மட்டும் விதிவிலக்கு, அது பெயிண்ட்டை அரிக்கும், அன்னிக்கே எடுக்கணும், ஆனா சுரண்டாதீங்க, ஈரத் துணியைப் பத்து நிமிஷம் மேல போட்டு ஊற வச்சு தூக்கி எடுங்க.

தண்ணி ரொம்ப கஷ்டமான இடத்துல ரின்ஸ்லெஸ் வாஷ்னு ஒரு லிக்விட் வருது, ஒரு பக்கெட் தண்ணில கொஞ்சம் கலந்து, முதல்ல ஸ்ப்ரே பண்ணி ஊற விட்டு, அப்புறம் முக்கின துணியால துடைச்சு எடுக்குறது. இதுக்கு ஏழெட்டு நல்ல துணி வேணும். ஒரு துணியை நாலா மடிச்சா எட்டு பக்கம் கிடைக்கும், ஒரு பக்கத்தால ஒரு இழுப்பு தான், அடுத்த இழுப்புக்கு வேற பக்கம். சேறு அடிச்சிருக்குற காருக்கு இது வேண்டாம்.

வாங்குன துணியைக் காப்பாத்தலன்னா எல்லாம் வீண். வீட்டுத் துணியோட சேர்த்துப் போடாதீங்க, பருத்திப் பஞ்சு ஒட்டிக்கும். கம்ஃபர்ட் மாதிரி சாஃப்ட்னர் வேண்டாம், அது இழை மேல படிஞ்சு உறிஞ்சுற தன்மையைக் கெடுத்துடும். சாதா லிக்விட் டிடர்ஜென்ட், பச்சத் தண்ணி, நிழல்ல காய வச்சு டப்பால மூடி வைங்க, டிக்கில சும்மா போட்டா அங்க இருக்குற மண்ணு ஏறிடும். கழுவும்போது துணி கை தவறி தரையில விழுந்துச்சுன்னா, எவ்வளவு புதுசா இருந்தாலும் சரி, அதை அப்பவே பாடி துணி லிஸ்ட்லருந்து எடுத்துடுங்க. நான் ஒரு மூலையைக் கத்தரிக்கோலால வெட்டி விட்டுடுவேன், மூலை வெட்டுன துணி வீலுக்குன்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியும்.