ரேடியேட்டரைச் சுத்தம் செய்தல்: வெளியே தூசி, உள்ளே உப்பு

கார் அடிக்கடி சூடாகிறது என்று சொன்னால், அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் கேட்பது அது எப்போது சூடாகிறது என்பதைத்தான். சிக்னலிலும் நெரிசலிலும் வெப்பமானியின் முள் ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால், கோளாறு பெரும்பாலும் ஃபேனிலோ அதை இயக்கும் மின்சுவிட்சான ரிலேயிலோ இருக்கும். எஞ்சின் நீரைக் காற்றில் ஆறவைக்கும் ரேடியேட்டரைக் கழுவி அதைத் தீர்க்க முடியாது. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போதோ, ஏசியுடன் மலைப்பாதை ஏறும்போதோ சூடு கூடினால், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ரேடியேட்டர் அடைபட்டிருப்பதாகச் சந்தேகிக்கலாம்.

எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியில் கை வைக்க வேண்டும். மூடி உள்ளே அழுத்தத்தைத் தக்கவைப்பதால் நீர் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. சூட்டோடு திறந்தால் அழுத்தம் சட்டென இறங்கி, அந்நீர் ஆவியாகப் பீறிட்டு முகத்தையும் கையையும் பொசுக்கிவிடும். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் திறப்பதே நல்லது. சில வண்டிகளில் சாவியை எடுத்த பின்னும் ஃபேன் திடீரெனச் சுழலக்கூடும் என்பதால், பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பையும் கழற்றிவிடுங்கள்.

முதலில் வெளிப்புறம். ரேடியேட்டருக்கு முன்னால், ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சர் இருப்பதால், இரண்டுக்கும் இடையே பூச்சிகளும் தூசியும் சருகும் சிக்கிக்கொள்வது முன்பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது. காற்று முன்னிருந்து பின்னாக நுழைகிறது. ஆகவே தண்ணீரை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் பாய்ச்சினால்தான் அழுக்கு வந்த வழியே வெளியேறும். சாதாரணத் தோட்டக்குழாயின் வேகம் போதும். வாட்டர் சர்வீஸ் கடைகளின் பிரஷர் கன்னை நெருக்கிப் பிடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கி, காற்றுப் பாதையே அடைபட்டுவிடும். பல வண்டிகளுக்கு இந்தக் கழுவலே போதுமானதாக இருக்கும்.

உள்ளே படிவது வேறு வகை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் சூட்டில் பிரிந்து, பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் படிவைப் போலக் குழாய்களின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. வழியில் அவசரத்துக்குக் கிடைத்த தண்ணீரை ஊற்றுவது தவறில்லை. ஊர் திரும்பியும் அதை மாற்றாமல் விடுவதுதான் தவறு.

அடியிலுள்ள வடிகால் திருகையோ கீழ் ஹோஸையோ கழற்றி, பழைய கூலன்டை அகலமான பாத்திரத்தில் பிடியுங்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை கொண்ட நஞ்சு. நாயோ பூனையோ நக்கினால் உயிரே போய்விடும் என்பதால், தெருவிலோ சாக்கடையிலோ கொட்டக் கூடாது. பிறகு பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரை நிரப்பி, பேட்டரி இணைப்பைத் திரும்ப மாட்டி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓட்டுங்கள். சூடானதும் நீருக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடானால்தான் நீர் முழுவதும் சுற்றுகிறது என்று பொருள். ஆறவிட்டு வடித்து, வரும் நீர் தெளியும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். படிவு கனமாக இருந்தால், அலுமினிய ரேடியேட்டருக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட ஃப்ளஷ் திரவத்தைப் பயன்படுத்தலாம்; கழிவறை ஆசிட் ஊற்றினால் படிவோடு ரேடியேட்டரும் அரிக்கப்படும்.

புதிய கூலன்ட் நிரப்பும்போது பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. எவ்வளவு வடித்தாலும் எஞ்சின் பிளாக்கில் கொஞ்சம் நீர் தங்கியிருக்கும். எனவே பாதிக்குப் பாதி கலந்து விற்கும் கூலன்டை அப்படியே ஊற்றினால் கலவை நீர்த்துப்போகும். கலக்காத கூலன்டை மொத்தக் கொள்ளளவில் பாதி அளந்து ஊற்றி, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புவதே சரியான கணக்கு. பனி உறையாத நம் ஊருக்குக் கூலன்ட் எதற்கு என்பார்கள். அது கொதிநிலையை உயர்த்துவதோடு துருவையும் தடுக்கிறது. பச்சை, சிவப்பு என்ற நிறத்தை நம்பி வாங்காமல், வண்டியின் கையேட்டில் குறிப்பிட்ட வகையையே வாங்குங்கள். ஒவ்வாத வகைகள் கலந்தால் கூழாகி அடைத்துவிடக்கூடும்.

கடைசியாக, மூடி திறந்த நிலையில், ஆறிய எஞ்சினைத் தொடங்கி மெதுவாக ஓடவிட்டு, குமிழ்கள் நின்ற பின் மட்டத்தைச் சரிசெய்து மூடுங்கள். காற்றை வெளியேற்றத் தனித் திருகு இருக்கும் வண்டிகளில் கையேடு சொல்லும் முறையைப் பின்பற்றுங்கள். அடுத்த சில நாள்கள் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது ரிசர்வ் டேங்கின் மட்டத்தைக் கவனியுங்கள். கசிவு தெரியாமலே மட்டம் இறங்கினாலோ, எஞ்சின் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்துக்கு மாறினாலோ, எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடிக்கும் இடையேயுள்ள ஹெட் கேஸ்கெட் என்ற கசிவுத்தடுப்புத் தகடு பழுதாகியிருக்கலாம். வண்டியை மேலும் ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.