நண்பர்களோடு முதல் வெளிநாட்டுப் பயணம்: 20,000 ரூபாயில் கோலாலம்பூர்

2024 டிசம்பரில், செமஸ்டர் தேர்வு முடிந்த கையோடு நாங்கள் நான்கு பேர் திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போனோம். மூன்று இரவு, நான்கு பகல். நால்வருக்கும் அதுதான் முதல் விமானம், முதல் வெளிநாடு. ஆளுக்கு 20,000 ரூபாயில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம், 23,500 ஆனது. பத்து இடம் பார்க்கலாம் என்று பட்டியல் போட்டோம், ஐந்துதான் பார்த்தோம். ஆனாலும் இதுவரை நான் போன பயணங்களில் சிறந்தது அதுதான். எங்களைப் போல முதல்முறை கிளம்புகிற மாணவர்களுக்காக, என்ன நினைத்தோம், என்ன நடந்தது, நீங்கள் எப்படிச் செய்யலாம் என்று வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: இடத்துக்கு முன்னால் பணத்தைப் பேசுங்கள்

எல்லோரும் வாட்ஸ்அப் குழு தொடங்கி முதலில் பேசுவது எங்கே போகலாம் என்பதைத்தான். நாங்களும் அப்படித்தான். யாரால் எவ்வளவு முடியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒருவர் 20,000 என்றார், மற்ற மூவரும் சரி என்றோம்.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள். ஒவ்வொருவரும் பெயர் எழுதாமல் ஒரு சீட்டில், தன்னால் அதிகபட்சம் எவ்வளவு செலவழிக்க முடியும் என்று எழுதிப் போடட்டும். நான்கிலும் குறைந்த தொகை எதுவோ அதுதான் குழுவின் பட்ஜெட். சராசரி எடுக்காதீர்கள். இந்தப் படியைத் தாண்டிவிட்டு மற்றதை எவ்வளவு சரியாகச் செய்தாலும் பயணத்தில் எங்காவது இடிக்கும். எங்களுக்கு எங்கே இடித்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

படி 2: பாஸ்போர்ட்டும் தாள்களும்

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். பத்தாம் வகுப்புச் சான்றிதழைச் சேர்த்துக் கொடுங்கள், அப்போதுதான் ஈ.சி.ஆர். (வேலைக்காக வெளிநாடு போக அரசு அனுமதி தேவை என்கிற) முத்திரை இல்லாமல் வரும். பாஸ்போர்ட் இருப்பவர்கள், போகும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகுமா என்று பாருங்கள்.

மலேசியாவுக்கு இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை சுற்றுலா போகலாம். இந்தச் சலுகை 2023 டிசம்பர் 1 அன்று தொடங்கியது, 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். டிக்கெட் போடும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். விசா வேண்டாமே தவிர, எம்.டி.ஏ.சி. என்கிற டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். தரையிறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பலாம், கட்டணம் கிடையாது. காசு கேட்கிற தளம் எதுவும் மலேசியக் குடிநுழைவு (இமிக்ரேஷன்) துறையுடையது அல்ல.

திரும்பி வரும் டிக்கெட், தங்குமிட பதிவு, எம்.டி.ஏ.சி. மூன்றையும் ஒவ்வொருவரும் தனித்தனியாக அச்செடுத்து வைத்திருங்கள். எங்கள் நான்கு பேர் பதிவும் ஒரே போனில் இருந்தது. குடிநுழைவு வரிசையில் ஒவ்வொருவராகத்தான் கூப்பிடுகிறார்கள். "எங்கே தங்குகிறீர்கள்?" என்ற கேள்விக்குக் கூட வந்த ஒருவனால் விடுதியின் பெயரைச் சொல்ல முடியவில்லை. போன் வைத்திருந்தவன் வேறு வரிசையில் நின்றான். அந்தப் பத்து நிமிடமும் எங்கள் நால்வருக்கும் வயிறு கலங்கியது.

படி 3: டிக்கெட்

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் உண்டு, ஏறக்குறைய நான்கு மணி நேரம். சென்னையிலிருந்தும் போகலாம். அலைபேசியில் முதலில் தெரிந்த விலை, போகவர 12,000. கடைசியில் நாங்கள் கட்டியது 14,200. திரும்பும்போதான பெட்டி, இருக்கை, கட்டணம் செலுத்தும் பக்கத்தில் சேர்கிற கூடுதல் தொகை என்று 2,200 ஏறிவிட்டது. எங்கள் பட்ஜெட்டில் விழுந்த மிகப் பெரிய ஓட்டை இதுதான்.

மலிவு விமானங்களில் பெரும்பாலும் கையோடு 7 கிலோதான் கொண்டுபோக முடியும். நான்கு நாளுக்கு அது போதும். திரும்பி வரும்போது நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பெட்டிக்கு மட்டும் எடை அனுமதி வாங்குங்கள். நாங்கள் ஆளுக்கொன்று வாங்கினோம், பாதி காலியாகவே வந்தது. இருக்கை தேர்வு தேவையே இல்லை. நான்கு மணி நேரம் தள்ளித் தள்ளி உட்கார்ந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

படி 4: தங்குமிடம்

பசார் செனி நிலையத்துக்குப் பக்கத்தில் நான்கு கட்டில் போட்ட விடுதி அறை, ஓர் இரவுக்கு 150 ரிங்கிட். அப்போது ஒரு ரிங்கிட் ஏறக்குறைய 19 ரூபாய். அந்தப் பகுதி முதல்முறை போகிறவர்களுக்கு நல்ல தேர்வு: ரயில் நிலையம் பக்கம், பெட்டாலிங் தெருக் கடைவீதி நடை தூரம், 1873இல் தொடங்கிய மகா மாரியம்மன் கோயிலும் அங்கேதான்.

நாங்கள் எதிர்பார்க்காதவை இரண்டு. வெளிநாட்டுப் பயணிகளிடம் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வாங்குவார்கள். 2017இலிருந்து இருக்கிற சட்டம் இது. முன்பதிவுத் தளத்தில் காட்டும் விலையில் பெரும்பாலும் சேர்ந்திருக்காது. அப்புறம் சாவிக்கு முன்பணம், எங்களிடம் 50 ரிங்கிட் ரொக்கமாகக் கேட்டார்கள். கிளம்பும்போது திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்றாலும், முதல் நாள் அந்தப் பணம் கையில் இருக்க வேண்டும்.

படி 5: ரொக்கம், கார்டு, சிம்

கொஞ்சம் ரிங்கிட்டை ஊரிலேயே மாற்றிக்கொண்டு போங்கள். ஆளுக்கு 150 இருந்தால் முதல் நாள் ஓடிவிடும். மீதியை ஊருக்குள் இருக்கும் பணமாற்றுக் கடைகளில் மாற்றலாம், விமான நிலையத்தைவிட நல்ல விலை கிடைக்கும். டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் நீங்களேதான் திறந்துவிட வேண்டும். கிளம்பும் முன் செய்யுங்கள். அங்கே போனபின் ஓ.டி.பி. வராமல் தவிக்க வேண்டாம். சிம் இரண்டு பேருக்கு ஒன்று போதாது. நான்கு பேரும் வாங்குங்கள், வழி தவறினால் அதுதான் துணை. பிளக் அங்கே மூன்று தட்டைக் கால் வகை; அடாப்டர் ஒன்றும் எக்ஸ்டென்ஷன் ஒன்றும் நால்வருக்கும் போதும்.

படி 6: இறங்கும் நாளைக் காலியாக விடுங்கள்

எங்கள் திட்டத்தில் மிகப் பெரிய தவறு இங்கேதான். நள்ளிரவு விமானத்தில் ஏறினால் காலையில் இறங்குவோம், ஒரு முழு நாள் கிடைக்கும் என்று நினைத்தோம். மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். அதாவது, ஏற்கெனவே தூங்காத இரவில் இன்னும் இரண்டரை மணி நேரம் காணாமல் போகிறது. விடுதியில் அறை கிடைப்பதோ மதியம் 3 மணிக்கு. பையை வரவேற்பறையில் வைத்துவிட்டு நேரே பத்துமலைக்குப் போனோம்.

பத்துமலை நகரிலிருந்து வடக்கே 13 கிலோமீட்டர். நகரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலிலிருந்து கேடிஎம் கொமுட்டர் ரயில் கோயில் வாசலுக்கே போகிறது, கட்டணம் மூன்று ரிங்கிட்டுக்குள். 42.7 மீட்டர் முருகனை ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வந்ததும் அண்ணாந்து பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது, அது உண்மை. ஆனால் நண்பகல் வெயிலில், தூக்கமும் சரியான சாப்பாடும் இல்லாமல் 272 படி ஏறினோம். நூறாவது படியைத் தாண்டியதும் ஒருவனுக்குத் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டான். குகைக்குள் போய்ச் சேர்ந்தபோது சாமி கும்பிடக்கூட தெம்பில்லை. எத்தனையோ ஆண்டாகப் படத்தில் பார்த்த இடத்தை அவசரத்தில் பார்த்துவிட்டு இறங்கினேன் என்பது இன்னும் எனக்கு வருத்தம்தான்.

நீங்கள் முதல் நாள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். விமான நிலையத்திலிருந்து பேருந்தில் கேஎல் சென்ட்ரல் வாருங்கள். 15 ரிங்கிட், ஒரு மணி நேரம். விரைவு ரயில் அரை மணியில் கொண்டுவந்துவிடும், ஆனால் 55 ரிங்கிட். பையை விடுதியில் வையுங்கள். சாப்பிடுங்கள். அறை கிடைத்ததும் தூங்குங்கள். மாலையில் பக்கத்துத் தெருக்களில் நடங்கள். பத்துமலைக்கு இரண்டாம் நாள் காலை முதல் ரயில்களில் ஒன்றில் போங்கள். ரயில்கள் அடிக்கடி கிடையாது, நேரத்தை முந்தின இரவே பார்த்து வையுங்கள். முழங்கால் மறையும் உடை போடுங்கள். கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம், குரங்குகள் பறித்துவிடும்.

படி 7: ஒரு நாளைக்கு இரண்டே இடம்

ஒரே நாளில் ஐந்து இடம் என்று எழுதியிருந்தோம். டிசம்பரில் மதியம் தாண்டியதும் வானம் இருட்டி, ஒரு மணி நேரம் கொட்டித் தீர்க்கிறது. மழை நேரத்தில் செயலியில் கூப்பிடுகிற கிராப் வாடகை வண்டியின் விலையும் ஏறும். அதற்குள் ஒருவனுக்குப் புதுச் செருப்பு கடித்துக் கால் கொப்பளம். எனவே காலையில் ஒன்று, மழை ஓய்ந்த பின் ஒன்று, அவ்வளவுதான். நடுவில் மழைக்கு ஒதுங்குகிற நேரத்தையும் பயணமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அதிகம் பேசிச் சிரித்தது அந்த நேரங்களில்தான்.

காசில்லாமல் பார்க்கக்கூடியவை நிறைய. மஸ்ஜித் ஜாமெக் பக்கத்தில் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கலக்கின்றன. 'சேறு கலந்த கூடல்' என்று பொருள்படும் கோலாலம்பூர் என்ற பெயரே அங்கிருந்துதான் வந்தது. அங்கிருந்து நடந்தால் மெர்டேக்கா சதுக்கம், 1957இல் மலாயாவின் கொடி ஏறிய இடம். கடைப் பலகைகளை வாசித்துக்கொண்டே நடங்கள். 'கெடாய்' என்று எழுதியிருப்பதெல்லாம் நம்முடைய கடைதான். கப்பலுக்கு மலாயில் 'காப்பால்'. கோயில் வாசலில் பூ விற்ற அம்மா, "திருச்சியா? எங்க தாத்தா முசிறி" என்றபோது வெளிநாட்டில் இருக்கிறோம் என்பதே மறந்துபோனது.

பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம்: 452 மீட்டர், 88 மாடி. மேலே ஏற வெளிநாட்டவருக்கு நூறு ரிங்கிட்டை ஒட்டி வரும், திங்கட்கிழமை மூடியிருக்கும். அடியில் இருக்கும் கேஎல்சிசி பூங்கா இலவசம். இரவில் நீரூற்று ஆட்டமும் இலவசம். எங்களில் மூவர் ஷாப்பிங்குக்கு வைத்திருந்த பணத்தில் மேலே போனோம். ஒருவன் மட்டும் "கால் வலிக்குதுடா, நான் கீழேயே இருக்கேன்" என்றான். இறங்கி வந்தபோது தனியாக உட்கார்ந்து நீரூற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். உண்மையில் அந்தக் கோபுரம் கீழிருந்து பார்க்கத்தான் அழகு. மேலே போனால் ஊர் தெரியும், கோபுரம் தெரியாது.

படி 8: சாப்பாடு

ஒரு நாளைக்கு 25 ரிங்கிட் என்று வைத்திருந்தோம், சாப்பாட்டுக்கு அது சரியாகவே இருந்தது. மாமாக் கடைகள்தான் மாணவர்களுக்குத் தோழன். தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற கடைகள் அவை, 'மாமா'விலிருந்து வந்த பெயர். பல கடைகள் இரவு முழுக்கத் திறந்திருக்கும். நம் பரோட்டா போன்ற ரொட்டி சானாய் இரண்டு ரிங்கிட்டுக்குப் பக்கத்தில், சாம்பார் போன்ற குழம்போடு. தே தாரிக் என்றால் ஆற்றி ஆற்றி நுரைத்த டீ. இந்தியக் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் வாழை இலைச் சாப்பாடு கிடைக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றில் கவனமாக இருங்கள்: நெத்திலி கூடவே வரும், சம்பல் என்கிற மிளகாய்த் துவையலிலும் கருவாடோ இறால் விழுதோ இருக்கும்.

கணக்கை மீறியது தாகம்தான். அந்த வெயிலில் வழியில் கண்ட கடையிலெல்லாம் தண்ணீரும் ஐஸ் மைலோவும் வாங்கி, நான்கு நாளில் ஆளுக்கு 40 ரிங்கிட் போய்விட்டது. ஒரு லிட்டர் பாட்டில் ஊரிலிருந்தே கொண்டுபோய், விடுதியில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

படி 9: தினமும் இரவில் கணக்கு

இரண்டாம் நாள் இரவு புக்கிட் பிந்தாங் கடைவீதிப் பகுதியில் 12 ரிங்கிட் பில்லுக்காக எங்களுக்குள் சண்டை வந்தது. யார் எதற்குக் கொடுத்தது என்று யாருக்கும் நினைவில்லை. அன்றிரவே ஆளுக்கு 50 ரிங்கிட் போட்டுப் பொதுப்பை ஒன்று தொடங்கினோம். வண்டி, தண்ணீர், பகிர்ந்து சாப்பிட்டது எல்லாம் அதிலிருந்து. சொந்தமாக வாங்குவது அவரவர் பையிலிருந்து. ஒருவர் பொருளாளர், தூங்கும் முன் ஐந்து நிமிடம் எழுதி வாசிப்பார். இதை முதல் நாளே தொடங்குங்கள்.

மிச்சக் கணக்கை விமானம் ஏறும் முன்பே முடித்துவிடுங்கள், ஊருக்கு வந்தபின் கேட்க மனம் வராது. நாங்கள் விமான நிலையத் தரையில் உட்கார்ந்து முடித்தோம். அறை வாடகைப் பாக்கியில் கோபுரம் ஏறாத நண்பன் 14 ரிங்கிட் தர வேண்டியிருந்தது. பர்ஸைத் திறந்தான், 11தான் இருந்தது. பயணத்துக்கு அவன் கொண்டுவந்த மொத்தமே எங்களைவிடக் குறைவு என்றும், அன்று கால் வலி எதுவும் இல்லை என்றும் அப்போதுதான் தெரிந்தது. நான்கு நாளும் ஒரே அறையில் படுத்திருந்தும் எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இப்போது கொழும்பு போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். சீட்டு நான்கும் வந்துவிட்டன, அவற்றில் குறைந்த தொகை 16,000. அதற்குள் அடங்குகிற டிக்கெட்டைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.