சமச்சீர் அணியின் மறு பாதியை ஆர் மொழியில் நிரப்பும்போது

சமச்சீர் அணியில் (சிமெட்ரிக் மேட்ரிக்ஸ்) மூலைவிட்டத்துக்குக் கீழே இருக்கும் எண்களே கண்ணாடிப் பிம்பம் போல மேலேயும் வரும். அதனால் பாதி தெரிந்தால் போதும், மீதியும் தெரிந்த மாதிரிதான். புள்ளியியலுக்கான கணினி மொழியான ஆர் (R) மொழியில் பலர் கீழ் முக்கோணத்தை மட்டும் நிரப்பிவிட்டு, 'லோயர்.ட்ரை' காட்டும் கீழ்ப்பக்க இடங்களில் உள்ள எண்களை அப்படியே 'அப்பர்.ட்ரை' காட்டும் மேல்பக்க இடங்களில் போட்டுவிடுகிறார்கள். ஒரே வரி. பார்க்கச் சரியாகவும் இருக்கும். ஆனால் தவறு.

ஆர் ஓர் அணியை நிரல் நிரலாகத்தான் (மேலிருந்து கீழாக, ஒவ்வொரு காலமாக) படிக்கும், எழுதும். 3க்கு 3 அணியில் கீழ்ப்பக்க வரிசையும் மேல்பக்க வரிசையும் பொருந்திவிடுகின்றன. சின்ன அணியில் சோதித்துப் பார்ப்பவர் நம்பிவிடுவது இதனால்தான். 4க்கு 4 ஆனதும் பிசகிவிடும். உயரம், எடை, வயது, ரத்த அழுத்தம் என்ற வரிசையில் ஒட்டுறவு அணி (ஒவ்வொரு ஜோடியும் எவ்வளவு சேர்ந்து மாறுகிறது என்று காட்டும் கோரிலேஷன் அணி) ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப் பாதியில் மூன்றாவதாக வருவது உயரத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உள்ள ஒட்டுறவு. மேல் பாதியில் மூன்றாவது இடமோ எடைக்கும் வயதுக்கும் உரியது. இந்த இரண்டு எண்களும் மேலே இடம் மாறிவிடும், மற்ற நான்கும் சரியாகவே இருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. மாறிகள் கூடக்கூட இடம் மாறும் எண்களும் கூடும்.

சரி, எப்படிச் செய்வது? முதலில் 't' போட்டு நிரை-நிரல் மாற்று அணியை, அதாவது நிரைகளை நிரல்களாகத் திருப்பிய அணியை எடுங்கள். அதன் மேல் முக்கோணத்தை மூல அணியின் மேல் முக்கோணத்தில் வையுங்கள். சோதனைக்கு 4க்கு 4 அல்லது அதைவிடப் பெரிய அணியையே எடுங்கள்.

கீழ்ப் பாதி அணியோடு அதன் மாற்று அணியைக் கூட்டுவது இன்னொரு வழி. அதில் மூலைவிட்டம் இரட்டிப்பாகும். ஒட்டுறவு அணியில் 1 இருக்க வேண்டிய இடத்தில் 2 வந்தால் உடனே கண்ணில் படும். உடன்மாறுபாட்டு (கோவேரியன்ஸ்) அணியில் மூலைவிட்டத்தில் இருக்கும் மாறுபாடுகள் (வேரியன்ஸ்) எல்லாம் இரண்டு மடங்கானால் யாருக்கும் தெரியாது. மூலைவிட்டத்தை ஒருமுறை கழித்துவிடுங்கள்.

பிசகிய அணியை அடுத்து எந்த ஃபங்ஷனுக்குக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். அணியை முக்கோண அணிகளின் பெருக்கமாகப் பிரிக்கும் சோலெஸ்கி பிரிப்புக்கான 'சோல்' மேல் பாதியை மட்டும் பார்க்கும், சமச்சீரா என்று கேட்கவே கேட்காது. அணியின் ஐகன் மதிப்புகளைக் (சிறப்பு மதிப்புகள்) கணக்கிடும் 'ஐகன்' அப்படியல்ல. சமச்சீர் என்று நாமே சொல்லிவிட்டால் கீழ்ப் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். சொல்லாவிட்டால் தானே சோதித்து, சமச்சீர் இல்லையென்றால் பொது அணியாக நடத்தும். அப்போது ஐகன் மதிப்புகள் கலப்பெண்களாகவும் வரலாம். ஆக, ஒரே அணிக்கு இரண்டு ஃபங்ஷன்கள் இரண்டு வேறு அணிகளைப் பார்த்துப் பதில் சொல்கின்றன.

அதனால் நிரப்பிய கையோடு, அணி சமச்சீரா என்று சொல்லும் 'இஸ்சிமெட்ரிக்' போட்டுப் பாருங்கள். தசமக் கடைசியில் வரும் மிகச் சிறிய வித்தியாசத்தை அது பொறுத்துக்கொள்ளும். நிரைப் பெயர்களும் நிரல் பெயர்களும் ஒன்றாக இல்லாவிட்டால், எண்கள் சரியாக இருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லும். அப்போது பெயர்களை 'அன்நேம்' மூலம் நீக்கிவிட்டுக் கேளுங்கள்.

நினைவகத்தை மிச்சப்படுத்த, ஆரின் 'மேட்ரிக்ஸ்' என்ற பேக்கேஜுக்குப் போகிறவர்கள் உண்டு. 10,000க்கு 10,000 அணிக்குச் சாதாரணமாக 800 எம்பி ஆகும், பாதியை மட்டும் அடுக்கி வைக்கும் வகையில் ஏறத்தாழ 400 எம்பி போதும். நல்ல வசதிதான். ஆனால் அங்கே, ஒரு பாதியை வைத்து அணியைச் சமச்சீராக்கிவிடும் 'ஃபோர்ஸ்சிமெட்ரிக்' போடும் முன் மேலே சொன்ன சோதனையை முடித்துவிடுங்கள். சாதாரண அணியில் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அது மேல் பாதியைத்தான் வைத்துக்கொள்ளும். நம் உதாரணத்தில் கெட்டுப்போன பாதி அதுதான். அதற்கப்புறம் 'இஸ்சிமெட்ரிக்' போட்டால் சரி என்றே பதில் வரும், சரியான எண்கள் இருந்த கீழ்ப் பாதி அந்தப் புதிய அணியில் இருக்காது.