வீட்டிலேயே கரும்பலகை செய்வது எப்படி?

பிள்ளைகள் எழுதிப் பழகவோ, மாடியில் டியூஷன் எடுக்கவோ, இட்லிக் கடை வாசலில் விலை எழுதி வைக்கவோ ஒரு கரும்பலகையை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். உங்கள் ஊரில் கொஞ்சம் பெரிய பெயிண்ட் கடையாகப் பார்த்து 'பிளாக்போர்டு பெயிண்ட்' என்று கேளுங்கள். கருப்பிலும் வரும், பச்சையிலும் வரும். விலை குறைவு என்று சாதாரண கருப்பு எனாமலை வாங்கிவிடாதீர்கள். அது பளபளவென்று இருக்கும், சாக்பீஸ் வழுக்கிக்கொண்டு போகும். கரும்பலகை பெயிண்டில் நுண்ணிய தாதுப் பொடி கலந்திருக்கிறது. காய்ந்தபின் அது மேலே லேசான சொரசொரப்பைத் தரும். அந்தச் சொரசொரப்பு அரம் மாதிரி சாக்பீஸை ராவி எடுப்பதால்தான் எழுத்தே விழுகிறது. ஊர்ப் பள்ளிக்கூடங்களில் அடுப்புக்கரியோடு கோவை இலையை அரைத்துப் போர்டில் பூசியதும் இப்படிப் பளபளப்பில்லாத கருப்புக்காகத்தான்.

சுவரிலா, பலகையிலா? என்னைக் கேட்டால் பலகைதான். வாடகை வீடென்றால் யோசிக்கவே வேண்டாம். சொந்த வீடாக இருந்தாலும் சுவரை உள்ளங்கையால் ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளையாக ஒட்டினால் அது சுண்ணாம்பு. அதன்மேல் அடிக்கும் பெயிண்ட் கொஞ்ச நாளில் செதிலாக உரிந்து வரும். முழுக்கச் சுரண்டி, பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) பார்த்து, பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்தால்தான் நிற்கும். ஓதம் ஏறி உப்புப் பூத்த சுவரைத் தொடவே வேண்டாம்.

வாங்க வேண்டியவை: 2க்கு 3 அடி பிளைவுட், மரத்துக்கான பிரைமர், 120, 220 நம்பர் உப்புத்தாள், சின்ன ஸ்பாஞ்ச் ரோலர், டர்பன்டைன். இந்த அளவுப் பலகைக்குப் பெயிண்ட் 200 மில்லி இருந்தாலே போதும்.

முதலில் பலகையை 120 நம்பர் தாளால் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். ஆணி ஓட்டை, பள்ளம் இருந்தால் பட்டி வைத்து, காய்ந்ததும் தேய்த்துச் சமமாக்குங்கள். தூசியைத் துடைத்துவிட்டுப் பிரைமர் அடியுங்கள். பின்பக்கமும் ஒரு கோட்டிங் கொடுங்கள். முன்பக்கம் மட்டும் அடித்தால் பலகை வளைந்துகொள்ள வாய்ப்பு உண்டு. ஓரங்கள் பெயிண்டைக் குடிக்கும், அங்கே இரண்டு முறை அடிக்கலாம். பிரைமர் காய்ந்ததும் 220 தாளால் லேசாக ஒரு தேய்ப்பு.

அப்புறம் டப்பாவைத் திறந்ததும் அடிக்க ஆரம்பிக்காதீர்கள். பொடியெல்லாம் அடியில் களியாக உறைந்து கிடக்கும். குச்சியை அடிவரை விட்டு, அந்தக் களி முழுக்கக் கரைந்து, குச்சி தடையில்லாமல் சுற்றும்வரை கிளறுங்கள். மேலே நிற்கும் எண்ணெயை மட்டும் அடித்தால் பளபளப்புதான் மிஞ்சும். கெட்டியாக இருந்தால் மட்டும் துளி டர்பன்டைன் சேருங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது.

முதல் கோட்டிங்கை மேலிருந்து கீழாக மெல்லிசாக ஓட்டுங்கள். திட்டுத் திட்டாகத்தான் தெரியும், அதை மறைக்கிறேன் என்று மறுபடி மறுபடி ரோலரை ஓட்டக் கூடாது. ஒரு ராத்திரி காயவிட்டு, 220 தாளால் மெதுவாகத் தடவித் துடைத்து, இரண்டாவது கோட்டிங்கை இடமிருந்து வலமாக அடியுங்கள். பலகையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று தெரியும். தேவைப்பட்டால் மூன்றாவது. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் காயவைத்தால் மேலே ஆடை கட்டி, உள்ளே ஈரம் நின்று சுருங்கும். ஆடி மாதமென்றால் காற்றில் வரும் மண்ணெல்லாம் பெயிண்டில் ஒட்டும். நிழலான அறைதான் சரி.

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே எழுதக் கூடாது. குறைந்தது 3 நாள் விடுங்கள், மழைக்காலத்தில் இன்னும் இரண்டு நாள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பலகையைப் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைப்பதே நல்லது.

பலரும் விட்டுவிடும் வேலை இனிமேல்தான். ஒரு முழு சாக்பீஸைப் படுக்கவைத்து, பலகை முழுக்க வெள்ளையாகும்படி மேலும் கீழும் தேயுங்கள், பிறகு குறுக்காகவும் தேயுங்கள். காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். லேசாகச் சாம்பல் பூத்தாற்போல ஆகிவிடும், அப்படித்தான் ஆக வேண்டும். பெயிண்டில் இருக்கும் நுண்துளைகளில் சாக்பீஸ் பொடி போய் உட்கார்ந்துவிடுவதால், அடுத்து எழுதுவது அழித்தால் சுத்தமாகப் போகும். இதைச் செய்யாமல் எழுதினால், முதலில் எழுதிய 'அ, ஆ' எத்தனை முறை அழித்தாலும் நிழலாகத் தெரிந்துகொண்டே இருக்கும்.

முதல் சில வாரம் ஈரத்துணி வேண்டாம். சிலேட்டுக் குச்சியைப் பக்கத்திலேயே விடாதீர்கள், கீறிவிடும். நாளாக ஆகப் பலகை வழவழப்பாகி எழுத்து விழாமல் போனால் புதுப் பலகை தேவையில்லை. 220 தாளால் மேலோட்டமாகத் தேய்த்து, ஒரு கோட்டிங் அடித்து, மறுபடி 3 நாள் விட்டு, சாக்பீஸ் தேய்த்துத் துடைத்துவிட்டு எழுதலாம்.